சென்னையிலிருந்து காரில் வடக்கே: முதல் நாளிலேயே ஹைதராபாத்தைத் தாண்டிவிடுங்கள்

மணாலி, ஸ்ரீநகர், லே, டெல்லியில் ஒரு நண்பனின் கல்யாணம் என்று எங்கே போவதாக இருந்தாலும், சென்னையிலிருந்து காரில் வடக்கே கிளம்பும் நண்பர் கூட்டத்துக்கு முதல் நாள் பெரும்பாலும் ஒரே சாலைதான். நெல்லூர், ஓங்கோல், மிரியாலகூடா, ஹைதராபாத். இந்த நாள் சொதப்பினால் மிச்சப் பயணம் முழுக்க அரை நாள் பின்தங்கியே ஓடும். நாக்பூருக்கு நள்ளிரவில் போய்ச் சேர்வீர்கள், மறுநாள் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவீர்கள், மூன்றாம் நாள் காருக்குள் சண்டை வரும். எங்கள் கூட்டத்தில் இதெல்லாம் வரிசை மாறாமல் நடந்தது. அதனால்தான் முதல் நாளுக்கு மட்டும் தனியாக இவ்வளவு நீளம்.

இலக்கு இதுதான்: வெளிச்சம் இருக்கும்போதே ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றி, நகரத்தின் வடக்குப் பக்கம் மேட்சலில் போய்ப் படுப்பது. மொத்தம் ஏறக்குறைய 650 கி.மீ. இதற்கு மேல் முதல் நாளில் ஆசைப்படாதீர்கள். "ஒரே மூச்சில் நாக்பூர்" என்று யாராவது ஆரம்பித்தால் அவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

1. காகிதங்கள்: கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் நான்கும் வேண்டும். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகன் செயலியிலும் இருப்பவை அசலுக்குச் சமம் என்று மத்திய அரசு 2018-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆனால் வாட்ஸாப்பில் வந்த புகைப்படத்தையோ கேலரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையோ காட்டினால் செல்லாது. செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காமல் போகலாம் என்பதால் அசலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வையுங்கள்.

கோட்டை விடும் இடங்கள் இவை:

புகைச் சான்றிதழ். புது வண்டிக்கு முதல் வருடம் தேவையில்லை. அந்த ஒரு வருடம் முடிந்தது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. நூற்றுச் சொச்சம் ரூபாயில், பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

உரிமத்தின் கடைசித் தேதி. ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் தன் அட்டையை எடுத்துத் தேதியைச் சத்தமாக வாசிக்கட்டும். காலாவதிக்குப் பிறகு முன்பு இருந்த முப்பது நாள் சலுகை இப்போது கிடையாது. எல்எல்ஆர் வைத்திருக்கும் தம்பிக்கு நெடுஞ்சாலையில் "கொஞ்ச நேரம்" கொடுப்பதும் வேண்டாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது ஓட்டியவரின் உரிமத்தைத்தான்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது. அப்பா பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால் பரவாயில்லை, இன்சூரன்ஸ் வண்டியைத்தான் தொடரும். இருந்தாலும் "என் வண்டியை இன்னார் என் சம்மதத்துடன் எடுத்துச் செல்கிறார்" என்று கையெழுத்திட்ட ஒரு தாளையும் அவருடைய ஆதார் நகலையும் வாங்கி வையுங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. ராத்திரிச் சோதனையில் இந்தத் தாள் பேச்சைச் சுருக்கும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு வரி. கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர்–ஓட்டுநருக்கு மட்டும்தான். கூட வரும் நண்பர்களுக்குப் பயணிகள் காப்பீடு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். சாலையோர உதவி பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைக் கூட்டத்தில் எல்லாரும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டிக்கு ஆந்திரா, தெலங்கானா எல்லைகளில் பெர்மிட்டும் கிடையாது, வரியும் கிடையாது. யாராவது கேட்டால் ரசீதைக் கேளுங்கள், பேச்சு முடிந்துவிடும். வாடகைக் கார் கதை வேறு. ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு எடுக்கும் காருக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் மூலம் மலிவாக வரும் வெள்ளைப் பலகை "வாடகை" வண்டியைத் தொடாதீர்கள். அது சட்டப்படி தவறு, விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். கறுப்புப் பலகை வண்டியிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்த மாநிலத்துக்கு அனுமதி இருக்கிறது, எல்லை வரி யார் கட்டுவது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எத்தனையில் பூட்டியிருக்கிறது. 80-க்கு மேல் ஏறாத வண்டியென்றால் கீழே நான் சொல்லும் நேரக் கணக்கு செல்லாது. இன்னொன்று, வெளியூர் வாடகைக் காரில் லடாக்கைச் சுற்ற அங்குள்ள டாக்சிக்காரர்கள் விடுவதில்லை. லே போகிறவர்கள் இதைச் சென்னையிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பழைய அபராதங்களைப் பரிவாகன் இ-சலான் பக்கத்தில் வண்டி எண் போட்டுப் பாருங்கள். நிலுவை இருந்தால் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமே தடை செய்தது அது. வெளி மாநிலப் பதிவெண்ணைக் கை காட்டி நிறுத்த இதைவிட நல்ல காரணம் எந்தக் காவலருக்கும் கிடைக்காது.

2. ஃபாஸ்டேக்: முந்தின வாரமே

ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம். 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரட்டிப்பு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு. பணம் போடுவதை டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள், முந்தின இரவே போட்டுவிடுங்கள். கேஒய்சி பாக்கி இருந்தால் பணம் இருந்தும் டேக் முடங்கும். எனவே வங்கிச் செயலியில் இருப்புத்தொகையை மட்டும் பார்க்காமல், டேக் செயல்பாட்டில் இருக்கிறதா என்று நிலையையும் பாருங்கள்.

முன்கண்ணாடி மாற்றிய வண்டி என்றால் கூடுதல் கவனம். பழைய டேக் உடைந்த கண்ணாடியோடு போயிருக்கும். எங்கள் நண்பன் ஒருவன் காரில் அதைப் பிய்த்து எடுத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டோல்கேட்டிலும் முன் சீட்டுக்காரர் அதைக் கண்ணாடியில் அழுத்திப் பிடிக்க, ஊழியர் கையடக்கக் கருவியோடு பானட்டைச் சுற்றி வந்து நீட்ட, கருவி கீச்சென்று கத்தியும் கதவு திறக்காமல், பின்னால் பத்து ஹாரன். இப்படிக் கையில் வைத்துக் காட்டும் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கவும் நெடுஞ்சாலை ஆணையம் 2025-இல் உத்தரவிட்டிருக்கிறது. வங்கியிடம் புது டேக் வாங்கி ஒட்டுவதுதான் வழி.

சுங்கத்துக்கான வருடாந்திர பாஸ் எடுக்கலாமா? 2025 ஆகஸ்ட் 15-இல் வந்தபோது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது டோல்கேட்டை 200 முறை கடப்பது, எது முந்துகிறதோ அதுவரை. ராஜ்மார்க்யாத்ரா செயலியில் வாங்கலாம், சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும். டெல்லி வரை போய்த் திரும்புகிறவர்கள் யோசிக்காமல் எடுங்கள், அந்த ஒரு பயணத்திலேயே காசு தேறிவிடும். ஆனால் பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டுமே. மாநிலச் சாலைகளிலும் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையிலும் வழக்கமான இருப்பிலிருந்துதான் எடுப்பார்கள். பாஸ் இருக்கிறதே என்று இருப்பைக் காலியாக விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டேக்கில் ஆயிரம் ரூபாயாவது இருக்கட்டும்.

3. வண்டி

சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாதீர்கள். பத்து நாள் முன்பு விட்டால், சர்வீஸில் தளர விட்ட போல்ட்டும் சரியாக மூடாத கிளிப்பும் ஊருக்குள் ஓடும்போதே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1819 என்றால் 2019-இன் பதினெட்டாவது வாரம். அந்த வயசு டயரோடு வெயிலில் 650 கி.மீ. வேண்டாம்.

காற்றை டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். ஆள் நிறைந்து சாமானும் ஏறினால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் தனியாகவே போட்டிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் டிக்கியின் அடியிலிருந்து எடுத்து சீட்டுக்கடியில் வையுங்கள். இல்லையென்றால் பஞ்சரானதும் ஐந்து பேர் பைகளையும் சாலையோரத்தில் அடுக்க வேண்டிவரும். ஆளுக்கு ஒரு பை, அதுவும் பெட்டியாக இல்லாமல் மடங்கும் பையாக. பின்கண்ணாடி மறையக் கூடாது.

சரக்கு பாட்டில் காரில் வேண்டாம். பாண்டிச்சேரியிலிருந்து வந்தது என்றாலும், சீல் உடைக்காதது என்றாலும் வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. சோதனைச் சாவடியில் வாதாடி ஜெயித்தாலும் இரண்டு மணி நேரம் போய்விடும்.

4. பணம்

நான்கு பேர், லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் என்று வைத்தால் முதல் நாள் கணக்கு இப்படி: பெட்ரோல் சுமார் 4,500, சுங்கத்துக்கு 1,000, சாப்பாடு தலைக்கு 600 வீதம் 2,400, இரண்டு அறை 4,000. ஆக மொத்தம் 11,900, தலைக்கு மூவாயிரம்.

டாங்கை எல்லை தாண்டுவதற்கு முன்பே தமிழ்நாட்டில் முட்ட நிரப்புங்கள். ஆந்திராவில் பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். கும்மிடிப்பூண்டி வரை பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. ஆனால் அதிகாலையில் தேடிக்கொண்டிருக்காமல் முந்தின மாலையே நிரப்பிவிடுவது உத்தமம்.

பொதுப்பணத்தை ஒருவரிடம் கொடுங்கள். கிளம்பும் முன் ஆளுக்கு ஐயாயிரம் அவர் கணக்கில் போடட்டும், அவர் மட்டுமே எல்லா இடத்திலும் கட்டட்டும். "நீ டீசல் போடு, நான் சாப்பாடு பாத்துக்கறேன், அப்புறம் கணக்கு பாப்போம் மச்சான்" என்று தொடங்கும் பயணங்களில் அந்த அப்புறம் வருவதேயில்லை. டீக்கடைக்கும் கழிப்பறைக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் தனியாக இருக்கட்டும்.

5. புறப்பாடு: அதிகாலை நாலரை

நேரம் விரயமாவது ஆந்திராவில் இல்லை, சென்னைக்குள்தான். வேளச்சேரியில் ஒருவரை ஏற்றி, போரூரில் ஒருவரை எழுப்பி, அண்ணா நகரில் ஒருவர் குளித்து முடிக்கும்வரை காத்திருந்தால் மாதவரம் போகவே ஏழு மணியாகும். அதற்குள் செங்குன்றம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இறங்கிவிடும். எனவே முந்தின இரவே எல்லாரும் வடசென்னைப் பக்கம், கொளத்தூரோ மாதவரமோ, ஒருவர் வீட்டில் கூடிவிடுங்கள். சாமான்களை இரவே ஏற்றிவிட்டுப் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். கூடி உட்கார்ந்து விடிய விடிய அரட்டை அடிப்பதாக இருந்தால் தனித்தனி வீட்டிலேயே தூங்குவது மேல்.

தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் நுழையாமல் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறலாம்.

யார் எப்போது ஓட்டுவது என்பதையும் முந்தின இரவே பேசிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறினால் போதும். முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது. தூக்கம் வந்தால் பின்னால் போய்விட வேண்டும். இதில் தாட்சண்யமே வேண்டாம். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

6. சாலை: மேப்பை நம்பாதீர்கள், ஊர்ப் பெயரைப் போடுங்கள்

கூகுள் மேப்பில் "ஹைதராபாத்" என்று மட்டும் போட்டால் சில நேரம் விஜயவாடா வழியாகச் சுற்ற வைக்கும், சில நேரம் மார்க்காபுரம் பக்கம் திருப்பி நல்லமலைக் காட்டுக்குள் ஸ்ரீசைலம் வழியாகக் கூப்பிடும். காட்டுவழி அழகானதுதான். ஆனால் வளைவுகள், குரங்குகள், போதாததற்கு அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனத் தடை. முதல் நாளுக்கு அது ஆகாது. மேதரமெட்லா, மிரியாலகூடா, நார்கட்பள்ளி ஆகிய மூன்று ஊர்களையும் இடை நிறுத்தங்களாகப் போட்டு, மேப்பைப் போனில் இறக்கியும் வையுங்கள்.

சென்னை – நெல்லூர், சுமார் 175 கி.மீ. கும்மிடிப்பூண்டி, தடா, சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, கூடூர். நல்ல சாலை. ஏழரைக்கு நெல்லூர் புறவழி. காலைச் சாப்பாடு இங்கேயே முடியுங்கள், பெசரட்டு உப்புமா கிடைக்கும். இஞ்சிச் சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அளவாக வாங்குங்கள். காரம் வயிற்றில் இறங்குவது ஓங்கோலுக்குப் பிறகுதான் தெரியும், அங்கே கழிப்பறை தேடுவது சுலபமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் முந்தின நாள் மழைச் செய்தியைக் கட்டாயம் பாருங்கள். 2021 நவம்பரில் பென்னா ஆற்று வெள்ளத்தில் நெல்லூரை அடுத்த கோவூர்ப் பக்கம் இந்த நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டது.

நெல்லூர் – மேதரமெட்லா, சுமார் 150 கி.மீ. காவலி, ஓங்கோல். நேர் சாலை, சொல்ல ஒன்றுமில்லை. ஓங்கோல் தாண்டி கால் மணி நேரத்தில் மேதரமெட்லா வரும். இங்கே நெடுஞ்சாலையை விட்டு இடதுபுறம் அத்தங்கி சாலைக்கு இறங்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் இதைத் தவறவிட்டால் நேரே குண்டூர்தான்.

மேதரமெட்லா – நார்கட்பள்ளி, 212 கி.மீ. நான்கு வழிச் சாலைதான், ஆனால் கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். தடுப்புச்சுவரில் திறப்பு இருக்கும் இடமெல்லாம் டிராக்டரும் ஷேர் ஆட்டோவும் எதிர்த்திசையில் வரும். அறுவடைக் காலத்தில் ஓர வழியில் நெல்லையோ மிளகாயையோ காயப்போட்டு, சுற்றிலும் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். வேகமாகப் போகும்போது அந்தக் கல் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பிடுகுரால்லாவில் சுண்ணாம்புச் சூளைகள், காற்றே வெளுத்திருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். தாச்சேபள்ளி தாண்டியதும் கிருஷ்ணா நதிப் பாலம், அக்கரை தெலங்கானா. மதியச் சாப்பாட்டை மிரியாலகூடாவில் வையுங்கள். இங்கேதான் ஒரு எச்சரிக்கை: பப்பு, நெய், கோங்குரா, தயிர் என்று முழு மீல்ஸை ஒரு கட்டுக் கட்டிவிட்டு இரண்டு மணி வெயிலில் ஓட்ட உட்காராதீர்கள். அடுத்து ஓட்டப்போகிறவர் அரை வயிறு சாப்பிடட்டும், மற்றவர்கள் இஷ்டம். கண் சொக்கினால் பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளிக்காமல், பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள்.

நார்கட்பள்ளி – வெளிவட்டச் சாலை, சுமார் 60 கி.மீ. விஜயவாடா நெடுஞ்சாலையில் சேர்ந்து சௌட்டுப்பல் வழியாகப் பெத்த அம்பர்பேட் வரை. பொங்கலை ஒட்டிக் கிளம்பாதீர்கள். சங்கராந்திக்கு ஹைதராபாத்தே காலியாகி இந்தச் சாலை வழியாகத்தான் ஆந்திராவுக்குப் போகும், பண்டிகை முடிந்ததும் இதே வழியாகத்தான் திரும்பும். திரும்பும் கூட்டம் உங்கள் பக்கம்தான் வரும். பந்தங்கி டோல்கேட்டில் கிலோமீட்டர் கணக்கில் வண்டி நிற்கும்.

பெத்த அம்பர்பேட் – மேட்சல், ஏறக்குறைய 55 கி.மீ. கட்கேசர், கீசரா, ஷாமிர்பேட் வழியாக வெளிவட்டச் சாலை. எட்டு வழி, 120 வரை அனுமதி. நுழையும்போது டேக்கைப் படிக்கும், வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பப் பணம் எடுக்கும். படம் எடுக்க ஓரத்தில் நிறுத்தாதீர்கள். "சார்மினார் பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். மாலை ஐந்து மணிக்கு ஹைதராபாத்துக்குள் போனால் வெளியே வர மூன்று மணி நேரம். பிரியாணி மேட்சலிலும் கிடைக்கும்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலையில் 1033, விபத்து என்றால் 112 அல்லது 108. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லாரும் காரைவிட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.

7. தங்கல்

அறையை மேட்சல் அல்லது கொம்பள்ளியில், காலை நாக்பூர் சாலையில் நேராக ஏறும்படி முன்பதிவு செய்யுங்கள். பதிவு செய்த கையோடு விடுதிக்கே போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: கார் வளாகத்துக்குள் நிற்குமா, ஓர் அறைக்கு எத்தனை பேர், காலை ஐந்து மணிக்குக் கேட் திறப்பார்களா, ஆணும் பெண்ணும் கலந்த குழு என்றால் ஆட்சேபம் உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டால், இரவு வரவேற்பு மேசையில் நின்று பேச வேண்டிவரும். எல்லாரும் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஒருவருடையதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விடமாட்டார்கள்.

சேர்ந்ததும் படுக்கையில் விழாதீர்கள். டயர் நான்கையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, பக்கத்துப் பங்கில் டாங்கை நிரப்பி, முன்கண்ணாடியில் அப்பிய பூச்சிகளைத் துடைத்துவிட்டு, பணம் வைத்திருப்பவர் அன்றைய செலவைக் குழுவில் போட்டுவிடட்டும். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. மறுநாள் நாக்பூர் இன்னொரு 480 கி.மீ. நிஜாமாபாத் மாவட்டத்தைத் தாண்டினால் ஆதிலாபாத் காடு, பேன்கங்கா பாலத்தில் மகாராஷ்டிரா தொடங்கும். காலை ஐந்தரைக்கு எடுத்தால் மூன்று மணிக்குள் சேர்ந்துவிடலாம்.